எக்ஸ்மூர் கடலோர மூர்நிலம்: அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பாயான் பாரு மகள்:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்டில் அம்மாவும் நானும் பிரிஸ்டலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறோம். லண்டனை அம்மா ஏற்கெனவே பார்த்துவிட்டார், திரும்ப அந்தக் கூட்டத்துக்குள் போக அவருக்கு மனமில்லை. கடல் தெரிய வேண்டும், மேலே காற்று வரும் திறந்த வெளியாக இருக்க வேண்டும், ஆள் அதிகம் இருக்கக்கூடாது, இவ்வளவுதான் கேட்கிறார். தங்கை எக்ஸ்மூர் என்கிறாள், இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கிற தேசியப் பூங்கா. மூர்நிலம் என்கிற மரமில்லாத மேட்டுநிலம் அப்படியே போய்க் கடலில் இறங்குமாம், ஆகஸ்டில் எல்லாம் ஊதாப் பூவாக இருக்குமாம்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்காலில் தேய்மானம். பினாங்குக் கொடிமலைக்கு ரயிலில் ஏறிப் போய் மேலே மெதுவாக நடப்பார், ஏற்றம் இறக்கம் முடியாது. எனக்கு நடப்பது பிடிக்கும், தெலுக் பஹாங்கில் இறங்கி முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் வரை போய்வருவேன். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் இடம் அங்கே உண்டா? காடி தங்கை ஓட்டுவாள். இரண்டு இரவு தங்கலாம் என்று இருக்கிறோம்.

பங்சார் தாதி:

தாராளமாகப் போங்கள் தங்கச்சி. சோமர்செட்டில் நான் பல வருஷம் தாதியாக வேலை செய்தேன், இரவு வேலை முடிந்தால் தூங்குவதற்கு முன்னால் அந்த மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு ஏற்ற இடம் மைன்ஹெட்டுக்கும் போர்லாக்குக்கும் நடுவில் இருக்கிற மேடு. மைன்ஹெட் ஊருக்குள்ளிருந்தே ஒரு குறுகலான சாலை மேலே ஏறும், பெயர் ஹில் ரோடு. முதலில் வீடுகள், அப்புறம் மரங்கள், அப்புறம் திடீரென்று எல்லாம் விலகி இரண்டு பக்கமும் வெறும் மூர்நிலம்தான். சாலை மேட்டின் முதுகு மேலேயே மேற்கே போய் செல்வர்த்தி பீக்கன் என்ற உச்சிக்குக் கிட்டே முடிந்துவிடும். அது 308 மீட்டர். முடிந்துவிடுகிற சாலை என்பதால் அந்த வழியாக வேறு எங்கும் போகிற வண்டி கிடையாது, அமைதிக்குக் காரணமே அதுதான். நடுநடுவே நிறுத்துமிடங்கள் உண்டு. காடியை விட்டு இறங்கினால் முன்னால் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸ் நாட்டு மலைகள், பின்னால் திரும்பினால் உள்நாட்டு மூர் முழுக்கத் தெரியும். அதில் உயரமாகத் தெரிவது டன்கெரி பீக்கன், 519 மீட்டர். உங்கள் அம்மா ஏறவே வேண்டியதில்லை, மேட்டின் மேலே பாதை பெரும்பாலும் சமமாகத்தான் போகும், வேண்டிய தூரம் நடந்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

தேதி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பூ நன்றாக இருப்பது நம் கணக்கில் ஆடி கடைசியிலிருந்து ஆவணி பாதிவரை. ஆனால் ஆகஸ்டின் கடைசித் திங்கள் அங்கே பொது விடுமுறை, அந்த வாரக்கடைசியில் மட்டும் போகாதீர்கள். செவ்வாய், புதனில் போனால் காலையில் அந்த மேட்டில் நீங்களும் ஆடுகளும்தான் இருப்பீர்கள்.

செந்தூல் நடைக்காரன்:

அக்கா சொன்ன இடம் நல்ல இடம்தான், ஆனால் இவ்வளவு தூரம் போய்விட்டு லின்மத் என்ற கடலோர ஊரைப் பார்க்காமல் வரலாமா? அங்கே பாறைமேட்டு ரயில் ஒன்று இருக்கிறது, 1890இல் திறந்தது, இன்றைக்கும் தண்ணீரால்தான் ஓடுகிறது. மேலே நிற்கிற பெட்டியின் தொட்டியில் ஆற்றுத் தண்ணீரை நிரப்புவார்கள், கீழே உள்ள பெட்டி தண்ணீரை விடும், கனமான பெட்டி இறங்க லேசான பெட்டி ஏறும். மோட்டார் கிடையாது. கொடிமலை ரயில் பிடித்த அம்மாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும். ரயில் ஏறிப் போகிற மேல் ஊரான லின்டனிலிருந்து பாறைப் பள்ளத்தாக்குக்கு நல்ல பாதை போகிறது, அங்கே காட்டாடுகள் பாறை நுனியில் நிற்கும்.

உங்களுக்கு நீண்ட நடை வேண்டுமானால் கோம்ப் மார்ட்டின் பக்கம் கிரேட் ஹேங்மன். 318 மீட்டர், இங்கிலாந்தின் மிக உயரமான கடல் குன்று அதுதான். மேலே மூர்நிலம், கீழே நேராகக் கடல். மூச்சு வாங்கும், ஆனால் விடாதீர்கள்.

பங்சார் தாதி:

தம்பி, ரயில் நல்ல ரயில்தான், நானும் ரசித்துப் போயிருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது என்ன? ஆள் இல்லாத இடம். ஆகஸ்டில் லின்மத்தில் காடி நிறுத்தவே இடம் தேடிச் சுற்ற வேண்டும், ரயிலுக்கு வரிசை, ஐஸ்கிரீமுக்கு வரிசை. போவதானால் காலையில் முதல் ரயிலில் ஏறிவிட்டு வந்துவிடட்டும், ஒரு நாளையே அதற்குக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. போர்லாக்கிலிருந்து லின்மத் போகிற மெயின் சாலையில் போர்லாக் ஹில் வரும், நாலுக்கு ஒன்று சரிவு, நடுவில் கொண்டை ஊசி வளைவு. முழங்கால் வலியோடு முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும். பக்கத்திலேயே காசு கட்டிப் போகிற தனியார் சாலை ஒன்று மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து மெதுவாக ஏறுகிறது. தங்கையை அதில் போகச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:

நான் தெரியாமல்தான் கேட்கிறேன், மனசில் வேறொன்றும் இல்லை. மரம் கிடையாது, நிழல் கிடையாது, கோயில் கிடையாது, கடை கிடையாது. அங்கே நின்று என்ன பார்ப்பது? வயசானவரைக் கூட்டிக்கொண்டு பல ஆயிரம் வெள்ளி செலவு செய்து பதினாலு மணி நேரம் பறந்து போய், புதர் மேட்டில் நிற்பதா? வெறும் வெளியும் கடலும்தான் வேண்டுமென்றால் நம் நாட்டிலேயே இல்லையா?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:

கேட்க வேண்டிய கேள்விதான். நான் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன், என் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அது புதர் மேடு இல்லை ஐயா. முழங்கால் உயரத்துக்குள் ஒரு காட்டுக்குரிய நெருக்கம் இருக்கிறது. மண் அமிலத்தன்மை கொண்டது, சத்து மிகக் குறைவு, மேலே ஓயாத உப்புக்காற்று. அதைத் தாங்குகிற செடிகள்தான் அங்கே நிற்கும். ஹெதர் என்பது அங்கே ஊதாவாகப் பூக்கிற குட்டைச்செடி. அந்தக் குடும்பத்தில் முதலில் பூப்பது பெல் ஹெதர், ஜூலையிலேயே கருஞ்சிவப்பும் ஊதாவுமாகத் தொடங்கிவிடும். அப்புறம் லிங், இதுதான் ஆகஸ்டில் மேடு முழுவதையும் இளம் ஊதாவாக்குவது. அதே சமயத்தில் குட்டையான மேற்கத்தியக் கோர்ஸ் முள்செடி மஞ்சளாகப் பூக்கும். மஞ்சளும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பது கடலோரத்தில்தான் அதிகம், ஆகவே ஆகஸ்டில் போகிறவர் சரியான காலத்தில்தான் போகிறார். கோர்ஸில் உயரமான இன்னொரு வகை வசந்தகாலத்தில் பூக்கும், அதன் பூவை முகர்ந்தால் தேங்காய் வாசனை வரும். வார்ட்டில்பெரி என்று கருநீலப் பழம் ஒன்று ஹெதருக்கு நடுவே ஒளிந்திருக்கும், ஆகஸ்டில் அதையும் பார்க்கலாம்.

நம் நாட்டில் இல்லையா என்றீர்கள். இருக்கிறது. சரவாக்கில் பாக்கோ தேசியப் பூங்காவுக்குப் போங்கள். 1957இல் அறிவிக்கப்பட்டது, சரவாக்கின் மிகப் பழைய தேசியப் பூங்கா. கூச்சிங்கிலிருந்து கம்போங் பாக்கோ வந்து படகில் போக வேண்டும். மணற்பாறை மேட்டின் மேல் ஏறினால் உயர்ந்த மரங்கள் மறைந்து, வெள்ளை மணலும் குட்டைச் செடிகளுமான திறந்த வெளி வரும். கெராங்காஸ் என்பார்கள். வெப்பமண்டலம், செடிகள் வேறு, ஆனால் காரணம் அதேதான்: அமிலமான, சத்தற்ற மண். மண்ணில் நைட்ரஜன் கிடைக்காததால் பாக்கோவில் குடுவைச்செடி பூச்சியைப் பிடிக்கிறது. எக்ஸ்மூரின் ஈரப் பள்ளங்களில் சன்டியூ என்ற சின்னஞ்சிறு செடி, ஒட்டும் ரோமங்களால் அதே வேலையைச் செய்கிறது. பாக்கோவிலும் சன்டியூ உண்டு. பூமியின் இரண்டு மூலைகளில் ஒரே பசிக்கு ஒரே வழி. குனிந்து பார்த்தால் இவ்வளவும் தெரியும், காடியில் ஐம்பது மைல் வேகத்தில் போனால் நீங்கள் சொன்ன புதர்தான் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:

நன்றி ஐயா, இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாக்கோவை மூக்கன் குரங்குக்காகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். சரி, ஒரு சந்தேகம். எக்ஸ்மூரில் மரம் ஏன் இல்லை? காற்று மட்டும்தான் காரணமா?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:

மட்டும் இல்லை. பெரும்பங்கு மனிதன். ஒரு காலத்தில் அந்த மேடுகளில் மரங்கள் இருந்தன, வெண்கலக் காலத்திலிருந்தே ஆட்கள் வெட்டி, மேய்த்து, எரித்து வெளியாக்கினார்கள். இன்றைக்கும் ஆடும் குதிரையும் மேயாவிட்டால், குளிர்காலக் கடைசியில் பழைய ஹெதரையும் கோர்ஸையும் பகுதி பகுதியாக எரிக்காவிட்டால், சில பத்தாண்டுகளில் பிராக்கன் பெரணியும் பிர்ச் மரமும் நுழைந்துவிடும். மேட்டில் கருகிய திட்டு ஒன்றைப் பார்த்தால் யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம், பெரும்பாலும் அது திட்டமிட்டு எரித்ததாக இருக்கும்.

செந்தூல் நடைக்காரன்:

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை ஐயா. மனிதன் அழித்த காட்டை இயற்கை என்று சொல்லி ஏன் எரித்து எரித்துக் காப்பாற்ற வேண்டும்? விட்டுவிட்டால் மரம் வரும், பறவை வரும், மழைத்தண்ணீர் நிற்கும். 1952 ஆகஸ்டு 15 இரவு எக்ஸ்மூர் மேல் பெய்த மழை லின்மத்தில் வெள்ளமாக இறங்கி 34 பேரைக் கொன்றது. ஏற்கெனவே ஊறிக் கிடந்த மேடு, அதற்கு மேல் ஒரே நாளில் ஒன்பது அங்குலம் அளவுக்கு மழை. மரம் நிறைய இருந்திருந்தால் கொஞ்சமாவது தடுத்திருக்காதா? கேமரன் மலையில் மண் சரிவதைப் பார்த்தவர்கள் நாம்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:

தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது, பாதி நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது அங்குல மழைக்கு மரம் மட்டும் பதில் இல்லை, சரிவும் ஆற்றின் குறுகலும் பெரிய காரணம். தண்ணீரைப் பிடிக்க மேட்டின் உள்பக்கத்தில் வேறு வேலை நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நிலத்தை விவசாயத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று கரிச்சேற்று நிலத்தில் வடிகால் வெட்டினார்கள், இப்போது அவற்றை அடைத்துச் சேறு மறுபடி ஊறும்படி செய்கிறார்கள். ஹாலனிகோட் எஸ்டேட்டில், அதுதான் தாதி அம்மா சொன்ன செல்வர்த்தி மேட்டை உள்ளடக்கிய எஸ்டேட், நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் கையில் 1944 முதல் இருக்கிறது, 2020 ஜனவரியில் பீவர் என்ற நீரோரக் கொறிவிலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை ஓடையில் அணை கட்டித் தண்ணீரைத் தாமதப்படுத்தும். பள்ளத்தில் மரமும் பீவரும் வரட்டும், சந்தோஷம். ஆனால் கடலோர ஹெதர் மேடு உலகத்தில் மிகக் குறைவு, ஐரோப்பாவின் அட்லாண்டிக் ஓரத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதை நம்பியே வாழ்கிற பூச்சியும் பறவையும் அங்கே இருக்கின்றன. அதையும் மூடிவிட்டால் அவை எங்கே போகும்? எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கிடையாது.

செந்தூல் நடைக்காரன்:

பள்ளத்தில் மரம், மேட்டில் ஹெதர் என்றால் நான் ஏற்றுக்கொள்கிறேன். எரிப்பது மட்டும் இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை, வெட்டியும் செய்யலாமே. ஐயாவோடு இதை நேரில் பேச வேண்டும்.

பாயான் பாரு மகள்:

அண்ணன்களே, ஐயா, அக்கா, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், குடுவைச்செடி பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர், செடி என்றால் உயிர். இப்போது அவருடைய கேள்விகள்: பாம்பு உண்டா? அட்டை உண்டா? குளிர் தாங்குமா? குதிரை முட்டுமா? மரக்கறி சாப்பாடு கிடைக்குமா? என் கேள்வி ஒன்று: அம்மா மேட்டில் தங்கையோடு இருக்கும்போது நான் தனியாக நடக்க நல்ல பாதை எது?

பங்சார் தாதி:

வரிசையாகச் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அட்டை இல்லை, உண்ணி உண்டு, அதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. பெரணிக்குள்ளும் உயரப் புல்லுக்குள்ளும் கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், லைம் நோயைக் கொண்டுவரக்கூடும். நீள கால்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். இருந்தால் நசுக்காமல், எண்ணெய் தடவாமல், சுடாமல், நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் சில வாரம் கவனியுங்கள், கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், இங்கிலாந்தில் உண்ணி கடித்தது என்று நீங்களே சொல்லுங்கள். இங்கே காய்ச்சல் என்றதும் முதலில் டிங்கிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும்.

விஷப்பாம்பு ஒரே வகைதான், ஆடர். வெயிலில் பாதையோரம் படுத்திருக்கும், காலடி அதிர்ந்தால் போய்விடும். தொடாமல் இருந்தால் போதும்.

குதிரை அங்கே எக்ஸ்மூர் போனி, பழுப்பு நிறம், மூக்கைச் சுற்றி மாவு பூசியது போல வெளுப்பு. காட்டுக்குதிரை மாதிரி சுற்றும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐம்பது அளவுக்குக் குறைந்துபோய் மறுபடி பெருக்கிய இனம். முட்டாது, ஆனால் ரொட்டி கேரட் எதுவும் கொடுக்காதீர்கள், பழகினால் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும்.

குளிர்: ஆகஸ்டில் கீழே இருபது டிகிரிக்குக் கிட்டே இருக்கும், மேலே காற்றில் அதைவிடக் குறைவாகத் தெரியும். கொடிமலைச் சால்வை போதாது. காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, காதை மூடும் தொப்பி. கடலிலிருந்து மூடுபனி ஏறினால் கால் மணி நேரத்தில் பத்தடி முன்னால் இருப்பது தெரியாது, அப்போது காடிக்குத் திரும்பிவிட வேண்டும், கலையும் வரை காத்திருக்கலாம் என்று குன்றின் ஓரத்தில் நிற்கக்கூடாது. கைப்பேசிக்குப் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது.

மரக்கறி கவலையே வேண்டாம், தேநீர்க் கடைகளில் ஸ்கோன், ஜாம், கெட்டிக் கிரீம் கிடைக்கும். மதியத்துக்கு எலுமிச்சை சாதமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், அந்தக் காற்றில் பசி தாங்காது.

அம்மா மேட்டிலிருந்து இறங்கிய பிறகு செல்வர்த்தி கிராமத்துக்குக் கூட்டிப் போங்கள். கூரை வேய்ந்த மஞ்சள் வீடுகள், 1828இல் அந்த எஸ்டேட் முதலாளி வேலையிலிருந்து ஓய்ந்த முதியவர்களுக்காகக் கட்டியது. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மாதாகோயில், அதன் வாசலில் நின்றால் டன்கெரி நேர் எதிரே. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஓய்ந்தவருக்கு வீடு கட்டிக் கொடுத்த முதலாளி என்றால் அது பெரிய விஷயம், எனக்கு அங்கே போகும்போதெல்லாம் அப்பா நினைவு வரும்.

செந்தூல் நடைக்காரன்:

உங்கள் நடைக்கு நான் சொல்கிறேன் அக்கா. தென்மேற்குக் கடலோரப் பாதை, 630 மைல், அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், தொடங்குவதே மைன்ஹெட்டில்தான். கடற்கரையில் இரண்டு பெரிய கைகள் வரைபடம் பிடித்திருப்பதுபோல் சிற்பம் இருக்கும். அங்கிருந்து போர்லாக் பக்கத்துக் கிராமமான பாசிங்டன் வரை இரண்டு வழி. ஒன்று மேட்டின் மேலேயே போகிற வழக்கமான பாதை. இன்னொன்று கடலை ஒட்டிப் போகிற கரடுமுரடான மாற்றுப்பாதை, பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும், பள்ளத்தில் இறங்கி இறங்கி ஏறும், ஆளே இருக்காது. நீங்கள் முக்கா ஹெட் போகிறவர் என்றால் மாற்றுப்பாதையை எடுங்கள். ஹர்ல்ஸ்டன் முனையில் பழைய கடலோரக் காவல் கூண்டு இடிந்து நிற்கும், அங்கே நின்றால் போர்லாக் விரிகுடா முழுவதும் காலடியில். அந்தக் கூழாங்கல் கரையை 1996இல் புயல் உடைத்து, உள்ளே இருந்த வயல்வெளி உப்புச் சதுப்பாக மாறிவிட்டது. திரும்பக் கட்டாமல் கடலுக்கே விட்டுவிட்டார்கள். கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அங்கே, ஆகவே கீழே கரையில் இறங்கினால் ஓத நேரம் பார்க்காமல் போகவே கூடாது.

அந்த விரிகுடாவைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1899 ஜனவரியில் அங்கே ஒரு கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. லின்மத்தில் உயிர்காப்புப் படகை அலையில் இறக்க முடியவில்லை. ஊர்க்காரர்களும் குதிரைகளும் சேர்ந்து அந்தப் படகை, பெயர் லூயிசா, கவுண்டிஸ்பரி மேட்டின் மேலே இழுத்து, ராத்திரி முழுக்க மூர்நிலத்தைக் கடந்து, குறுகலான இடத்தில் சுவரை இடித்து, பதின்மூன்று மைல் தள்ளி போர்லாக் வியரில் விடிகாலையில் கடலில் இறக்கினார்கள். கப்பலில் இருந்த 18 பேரும் பிழைத்தார்கள். குதிரைகளில் நான்கு களைப்பில் செத்துப்போயின. யாரும் இல்லாத மேடு என்று நாம் சொல்கிற இடத்தில் இதுவும் நடந்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:

இனி நான் ஒன்றும் கேட்க மாட்டேன், பாக்கோவுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐயா, எந்தப் பாதையில் போனால் குடுவைச்செடி பார்க்கலாம்?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:

லிந்தாங் பாதை. சுற்றுப்பாதை, ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், மேட்டின் மேல் வெயில் நேராக அடிக்கும், காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் நிறைய. மரப்பலகை போட்ட இடத்தில் பலகையை விட்டு இறங்காதீர்கள். எக்ஸ்மூர் போகிறவருக்கும் இதையே சொல்கிறேன் அம்மா. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்த நிலமென்று குறித்த இடத்தில் பாதையை விட்டும் நடக்க உரிமை உண்டு, ஆனாலும் உரிமை இருக்கிறது என்பதற்காக ஹெதரை மிதிக்க வேண்டாம், மெல்லிய மண், புண்பட்டால் ஆற வருஷக்கணக்காகும்.

பாயான் பாரு மகள்:

முடிவாகிவிட்டது. ஆகஸ்டு நடுவில் ஒரு செவ்வாய் போய் வியாழன் திரும்புகிறோம், போர்லாக்கில் தங்கல். முதல் நாள் ஹில் ரோடு, இரண்டாம் நாள் அம்மாவும் தங்கையும் செல்வர்த்தியில், நான் மாற்றுப்பாதையில் பாசிங்டன் வரை, அங்கே வந்து என்னை ஏற்றிக்கொள்வார்கள். லின்மத் ரயில் வியாழன் காலை, முதல் வண்டி. இரவில் வானம் பார்ப்பதும் தங்கையின் பட்டியலில் இருக்கிறது, 2011இல் ஐரோப்பாவின் முதல் இருள்வான் காப்பகமாக எக்ஸ்மூரைத்தான் அறிவித்தார்களாம். அக்கா, அந்த ஹில் ரோட்டின் கடைசி நிறுத்துமிடத்தில் கழிப்பறை உண்டா? அம்மாவுக்கு அது ஒன்றுதான் இன்னும் யோசனை.

பங்சார் தாதி:

மேலே எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மைன்ஹெட்டிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். மடக்கு நாற்காலி ஒன்றும் காடியில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே உட்கார்ந்துவிட்டால் அம்மா சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்.